நாய் நொண்டுகிறதா? காலைப் பார்ப்பதற்கு முன் தலையைப் பாருங்கள்!

மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் விளாங்குடியைத் தாண்டினால் பரவை. மதுரைக்குக் காய்கறி அனுப்பும் மொத்த மார்க்கெட் இருக்கும் ஊர். நாட்டுப்புறப் பாடகி முனியம்மாவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர். ஒரு பக்கம் கண்மாய், இன்னொரு பக்கம் வைகை, நடுவே லாரி ஓயாத சாலை. வயலும் டவுனும் முட்டிக்கொள்ளும் இப்படிப்பட்ட இடத்தில் நாய்களுக்குத்தான் வேலையும் அதிகம், அடிபடுவதும் அதிகம். மோட்டார் ரூமுக்குக் காவல், தோட்டத்தில் மயில் விரட்டுவது, கோழிக்கூண்டைக் கீரியிடமிருந்து காப்பது எல்லாமே நாயின் பொறுப்பு. நெல் அறுத்த வயல்களில் ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்துக் கீதாரிகள் வந்து கிடை போடும் காலத்தில், ராத்திரி முழுக்கக் கிடையைச் சுற்றி வருவது அவர்களோடு வந்த நாய்கள்தான். ஒரு கிடா களவு போனால் என்ன நஷ்டம் என்று கிடைக்காரர்களைக் கேட்டால் தெரியும், ஒரு நல்ல நாயின் விலை.

அந்த நாய் ஒருநாள் காலையில் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்.

"என்னண்ணே, காலை ஊனுதா?"

"ஊன மாட்டேங்குதுப்பா. ரெண்டு நாள் பாப்போம், தானா சரியாயிரும்."

பெரும்பாலான ஊர்களில் நாயின் நொண்டலுக்கான முதல் வைத்தியம் இதுதான். இரண்டாவது, வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான வலி மாத்திரையில் பாதியை உடைத்துச் சோற்றில் வைப்பது. மூன்றாவது, காய்ச்சிய கம்பியால் சூடு போடுவது. இந்த மூன்றில் முதலாவது மட்டும் சில நேரம் பலிக்கும். இரண்டாவது நாயைக் கொல்லலாம். மூன்றாவதில், இருக்கிற வலியோடு தீக்காயமும் சேரும், அவ்வளவுதான்.

நொண்டல் என்பது நோயின் பெயர் அல்ல. எங்கோ வலிக்கிறது, அல்லது எங்கோ நரம்பு வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். எந்தக் கால், காலில் எந்த இடம், எதனால் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் நல்ல நாய் எப்படி நடக்கும் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். மாட்டின் நடையை ஒரு பார்வையில் எடைபோடும் விவசாயிக்கு இது பெரிய வித்தை இல்லை.

விரலால் நடக்கும் பிராணி

நாய் பாதத்தை ஊன்றி நடப்பதில்லை. விரல்களால் நடக்கிறது. பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும் மூட்டைப் பார்த்து 'நாய்க்கு முழங்கால் பின்பக்கம் மடங்கும்' என்று சொல்பவர்கள் உண்டு. அது முழங்கால் அல்ல, கணுக்கால். முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. மனிதனைப் போலவே முன்பக்கம் பார்த்துத்தான் இருக்கிறது. அதேபோல முன்னங்காலில் நடுவில் வளைவது மணிக்கட்டு. முழங்கை மார்பை ஒட்டி மேலே இருக்கிறது. டாக்டரிடம் போனில் சொல்லும்போது இந்தக் குழப்பம் இருந்தால் அவர் வேறு மூட்டை நினைத்துக்கொள்வார்.

மனிதனுக்குத் தோள்பட்டையை நெஞ்சுக்கூட்டோடு இணைக்கும் காறை எலும்பு இருக்கிறது. நாய்க்கு அப்படி இணைக்கும் எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் இரண்டும் வெறும் தசைகளால்தான் உடம்போடு கட்டப்பட்டிருக்கின்றன. நெஞ்சுக்கூடு அந்தத் தசைத் தொட்டிலில் தொங்குகிறது என்றே சொல்லலாம். வரப்பிலிருந்து குதிக்கும்போது விழும் அதிர்ச்சியைத் தாங்குவதும், காலை நீட்டிப் போட முடிவதும் இதனால்தான். நிற்கும் நாயின் எடையில் சுமார் 60 சதவிகிதம் முன்னங்கால்களில் விழுகிறது, 40 சதவிகிதம் பின்னங்கால்களில். 20 கிலோ நாய் என்றால் ஒவ்வொரு முன்னங்காலும் 6 கிலோ சுமக்கிறது, ஒவ்வொரு பின்னங்காலும் 4 கிலோ. முன்கால்கள் தாங்குவதற்கு, பின்கால்கள் தள்ளுவதற்கு. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

ஜெர்மனியின் ஜெனா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பிஷர் என்ற விலங்கியல் பேராசிரியரின் குழு, 32 இனங்களைச் சேர்ந்த 327 நாய்களை நடக்கவிட்டும் ஓடவிட்டும் அதிவேகக் கேமராவிலும் எக்ஸ்ரே படத்திலும் பதிவு செய்தது. 2011-ல் அது புத்தகமாகவும் வந்தது. முன்னங்கால் முன்னும் பின்னும் போவதற்கு முக்கியக் காரணம் தோள்மூட்டு என்றே அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். உண்மையில் தோள்பட்டை எலும்பே மேலிருந்து ஊஞ்சல்போல் ஆடுகிறது, காலின் எட்டில் பெரும்பங்கு அதனால்தான் என்று அந்தப் படங்கள் காட்டின. இன்னொரு விஷயம்: குட்டையோ நெட்டையோ, நாய்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கின்றன. சிப்பிப்பாறையும் தெருநாயும் நடையின் அடிப்படையில் ஒன்றுதான். 'எங்க நாய் ஜாதியே இப்படித்தான் நடக்கும்' என்று ஒரு நொண்டலுக்குச் சமாதானம் சொல்ல இடமில்லை.

தகதிமி, தக, தகிட

சும்மா நடக்கும்போது நாய் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாக வைக்கிறது. இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். தாளத்தில் சொன்னால் தகதிமி. பெரும்பாலான நேரம் மூன்று கால்கள் தரையில் இருக்கும். அதனால் லேசான வலி இருந்தால் நாய் மற்ற கால்களில் எடையைப் பிரித்துக்கொண்டு சமாளித்துவிடும்.

கொஞ்சம் வேகம் கூட்டினால் வருவது ஓட்டநடை. வெள்ளைக்காரன் 'டிராட்' என்பான். இதில் குறுக்குக் கால்கள் ஜோடியாக விழும். இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் சேர்ந்து. பிறகு வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் சேர்ந்து. தாளம் தக, தக. சைக்கிளோடு கூடவே வரும் நாய் மைல்கணக்கில் சலிக்காமல் போவது இந்த நடையில்தான். எந்த நேரமும் இரண்டே கால்கள் எடை சுமப்பதால் வலிக்கிற காலை மறைக்க முடியாது. நொண்டலைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல நடை கிடையாது.

அதற்கும் மேல் மூன்று தாளத்தில், தகிட என்று விழும் மெதுவான பாய்ச்சல். கடைசியாக, தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கும் நாலுகால் பாய்ச்சல். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி உடம்பு நாய்களின் பாய்ச்சலில் ஒரு சிறப்பு உண்டு. ஒரு சுற்றில் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டுவிடும்: உடம்பு முழுக்க நீண்டிருக்கும்போது ஒரு முறை, முதுகு வில்லாக வளைந்து கால்கள் வயிற்றுக்கடியில் சுருங்கும்போது இன்னொரு முறை. அந்த முதுகு எலும்புதான் அவற்றின் இன்ஜின். (இந்த வேகத்தைக் காட்டுவதற்காக முயல் விரட்ட விடுகிறவர்கள், காட்டு முயலை வேட்டையாடுவது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.)

சில நாய்கள் ஒட்டகம்போல ஒரே பக்கத்துக் கால்களைச் சேர்த்து வைத்து நடக்கும். களைத்துப்போன நாயும், உடம்பு கனத்த நாயும், கால் நீண்ட விடலைக் குட்டியும் இப்படி நடப்பதுண்டு. ஆனால், நேற்றுவரை நன்றாக ஓட்டநடை போட்ட நாய் திடீரென இப்படி மாறினால் இடுப்பிலோ முதுகிலோ வலி இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

ஏற்றமும் தலையும்

இனி வேலைக்கு வரலாம். வழுக்காத, சமமான தரை வேண்டும். களம் நல்ல இடம், சிமென்ட் சாலையும் பரவாயில்லை. டைல்ஸ் தரையும் உழுத வயலும் வேண்டாம். ஒருவர் நாயைத் தளர்வான கயிற்றில் பிடித்துக்கொண்டு, ஓட்டநடைக்கு வரும் அளவு வேகமாகப் போகட்டும். கயிறு இறுக்கமாக இருந்தால் தலை அசைவு தெரியாது. இன்னொருவர் உட்கார்ந்து செல்போனில் படம் எடுக்கட்டும்: நேராக எதிரே வரும்போது, விலகிப் போகும்போது, பக்கவாட்டில். போனில் 'ஸ்லோ மோஷன்' இருந்தால் அதில் எடுங்கள். நிமிர்ந்து நின்று மேலிருந்து எடுக்கும் படத்தில் ஒன்றும் தெரியாது. கேமரா நாயின் முதுகு உயரத்தில் இருக்க வேண்டும்.

எதிரே வரும் படத்தில் காலைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள். முன்னங்கால் ஒன்றில் வலி இருந்தால், அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே போகும். நல்ல கால் தொடும்போது தலை கீழே இறங்கும். பழைய ஏற்றம் நினைவிருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். தலையும் கழுத்தும் கனமான பகுதி. வலிக்கிற காலில் பாரம் விழக்கூடாது என்பதற்காக நாய் அந்தக் கனத்தை மேலே தூக்குகிறது. நல்ல காலில் நிம்மதியாக இறக்குகிறது. பலர் தலை இறங்கும் காலைத்தான் கெட்ட கால் என்று நினைத்துக்கொண்டு, நல்ல காலை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று விட்டுவிடுகிறார்கள்.

விலகிப் போகும் படத்தில் இடுப்பைப் பாருங்கள். வால் தொடங்கும் இடத்துக்கு இரு பக்கமும் இருக்கும் எலும்புகளில், வலிக்கிற பக்கத்து எலும்பு அதிகமாக ஏறி இறங்கும். பின்னங்கால் வலியிலும் தலை ஆடும், ஆனால் தலைகீழாக. வலிக்கிற பின்னங்கால் தரையில் படும்போது நாய் பாரத்தை முன்னே தள்ளுவதற்காகத் தலையைத் தாழ்த்தும். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஓட்டநடையில் இடது பின்னங்காலோடு சேர்ந்து விழுவது வலது முன்னங்கால். அப்போது தலை தாழ்ந்தால், பார்ப்பவருக்கு வலது முன்னங்கால் நல்ல கால், இடது முன்னங்கால் கெட்ட கால் என்று தோன்றும். உண்மையான கோளாறு அதே பக்கத்துப் பின்னங்காலில் இருக்கும். ஆகவே தலையை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல் இடுப்பையும் பார்த்த பிறகே விரல் நீட்டுங்கள்.

பக்கவாட்டுப் படத்தில் எட்டு எவ்வளவு நீளம் என்று தெரியும். வலிக்கிற கால் தரையில் குறைந்த நேரமே நிற்கும். காதுக்கும் வேலை உண்டு: சிமென்ட் தரையில் நகம் இழுபடும் சத்தம் கேட்டால் அது வலியைவிட நரம்புக் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலின் நடு நகங்கள் மட்டும் தேய்ந்திருக்கும்.

முதலில் பாதம்

எந்தக் கால் என்று தெரிந்துவிட்டால் கீழிருந்து மேலே போக வேண்டும். இந்தப் பகுதியில் சீமைக் கருவேல முள்தான் முதல் சந்தேகம், அடுத்தது நெருஞ்சி, அதற்கடுத்தது கண்மாய்க்கரையில் உடைந்து கிடக்கும் பாட்டில். நாய்க்கு வாய்க்கட்டுப் போட்டு, ஒவ்வொரு விரலுக்கு இடையிலும் விரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். சீமைக் கருவேல முள் உடைந்து உள்ளே நின்றுவிட்டால் வெளியே ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் தெரியும். சுற்றிலும் சூடாக இருக்கும். நுனி தெரிந்தால் இடுக்கியால், போன வழியிலேயே நேராக இழுத்து எடுங்கள். தெரியாவிட்டால் ஊசியால் நோண்ட வேண்டாம், டாக்டரிடம் விடுங்கள். அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு கரைத்துக் கழுவினால் போதும். மண்ணெண்ணெய், பெட்ரோல், பேட்டரித் தண்ணீர் எதுவும் வேண்டாம். கழுவியும் 2 நாளில் வீக்கம் வடியவில்லை, அல்லது சீழ் வருகிறது என்றால் முள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

முன்னங்காலின் உள்பக்கம், தரையில் படாமல் மேலே இருக்கும் நகத்தை மறக்காதீர்கள். தேயாத அந்த நகம் வளைந்து வளர்ந்து சதைக்குள்ளேயே இறங்கியிருப்பதுண்டு. சித்திரை வெயிலில் தார்ச்சாலை பாதத்தைப் பொசுக்கிவிடும். புறங்கையைச் சாலையில் வைத்து 7 விநாடி பொறுக்க முடியவில்லை என்றால் நாயையும் நடத்தக் கூடாது.

பாதத்தில் ஒன்றுமில்லை என்றால் மேலே தடவிக்கொண்டே போங்கள். இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில், இரண்டு கைகளால். ஒரு பக்கம் தசை மெலிந்திருந்தால் நொண்டல் பழையது என்று அர்த்தம்.

வயசைச் சொன்னால் பாதி நோய் தெரியும்

3 முதல் 6 மாதக் குட்டியின் முன்னங்கால்கள் வளைந்து, மணிக்கட்டு முடிச்சுப்போல வீங்கி, பாதம் பரந்து போகிறதா? தீவனத்தைப் பாருங்கள். வெறும் மோர்ச்சோறு தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து போதாது. ஆசையாக எலும்பில்லாத கறியை மட்டுமே போட்டு வளர்த்தாலும் அதே கதிதான். கறியில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு; ரத்தத்தில் கால்சியம் குறைய, உடம்பு எலும்பிலிருந்து கடன் வாங்கும். இன்னொரு தவறான நம்பிக்கை, குட்டியைக் காலை வெயிலில் கட்டிவைத்தால் எலும்பு பலப்படும் என்பது. மனிதனின் தோல் வெயிலிலிருந்து வைட்டமின் டி தயாரித்துக்கொள்ளும். நாயின் தோலால் தேவையான அளவு தயாரிக்க முடியாது. அது உணவில்தான் வர வேண்டும். முட்டை மஞ்சள் கரு, மீன், கொஞ்சம் ஈரல் இதற்கு உதவும். கால்சியம் மருந்தைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றுவதும் தப்பு. பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கோணும். எடையைச் சொல்லி டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வயதுக்குள் இருக்கும் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு நாய் ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் முயல்போலச் சேர்த்துப் போடுகிறதா, எழுந்திருக்கச் சிரமப்படுகிறதா? இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆழமில்லாமல் போகும் கோளாறாக இருக்கலாம். இது பரம்பரையாக வரும். எக்ஸ்ரேயில் உறுதியானால் அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். வீட்டு டைல்ஸ் தரையில் சாக்கு விரித்துவிடுவதும், உடம்பைக் கூடவிடாமல் வைப்பதும் இதற்குப் பெரிய உதவி. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் 25 சதவிகிதம் குறைவாகத் தீனி கொடுத்து ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது. குறைவாகத் தின்ற நாய்களின் நடுத்தர ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது.

பொமரேனியன் போன்ற சின்ன நாய் நாலு எட்டு நன்றாக நடந்து, ஒரு எட்டு காலைத் தூக்கித் துள்ளி, மறுபடி ஒன்றுமே நடக்காததுபோல நடந்தால், முழங்கால் சில்லு தடம் விட்டு நழுவுகிறது. நடுவயது நாய் ஓடும்போது 'கீச்' என்று கத்தி, பின்னங்காலின் நுனி விரலை மட்டும் தரையில் தொட்டுக்கொண்டு நின்றால் முழங்காலுக்குள் இருக்கும் குறுக்குத் தசைநார் அறுந்திருக்கலாம். உட்காரும்போது அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டி வைக்கும். இந்த இரண்டுக்கும் ஆபரேஷன் உண்டு. வயதான நாய் காலையில் விறைப்பாக எழுந்து, கொஞ்சம் நடந்தபின் சரியாகிவிடுகிறது என்றால் மூட்டுத் தேய்மானம். அதற்கு ஒரேயடியாகப் படுக்கை வேண்டாம். தினமும் கொஞ்ச நேரம், ஒரே அளவில் நடக்கவிடுவது நல்லது.

இன்று இந்தக் கால், நாளை அந்தக் கால்

நொண்டல் இடம் மாறிக்கொண்டே இருந்தால் உண்ணியை நினையுங்கள். பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிச்சியா என்ற கிருமி, ரத்தத்தில் தட்டணுக்களைக் குறைப்பதோடு மூட்டுகளையும் வீங்க வைக்கும். காய்ச்சல், தீனி எடுக்காமை, வெளிறிய ஈறு, சில நேரம் மூக்கில் ரத்தம். முள்ளாக இருக்கும் என்று பாதத்தைத் தேடிக்கொண்டே இருந்தால் நாய் போய்விடும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வழக்கமாக நான்கு வாரம் மருந்து தர வேண்டியிருக்கும். நாய் தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. ரத்தம் குடித்த பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கிச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் தீராது, அது படுக்கும் இடத்தின் சுவரையும் பூச வேண்டும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை எடுத்து நாயின் மேல் தடவும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நாய் நக்கும். எச்சில் வடிந்து, தசை துடித்து, தள்ளாடி விழும். அப்படி ஆனால் மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஓடுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் முறிவு கொடுக்க முடியும்.

தள்ளாட்டம் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தடுப்பூசி போடாத நாய், பின்னங்கால் வலுவிழந்து தள்ளாடுகிறது, தாடை தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது என்றால், எலும்பு மாட்டிக்கொண்டது என்று நினைத்து வாய்க்குள் கைவிடாதீர்கள். வெறிநோய் எப்போதும் வெறியோடு வருவதில்லை. முடக்குவாதம்போல அமைதியாகவும் வரும். எச்சில் பட்டிருந்தால், கீறல் இருந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். தூங்கும்போதுகூட ஒரு கால் வெட்டிவெட்டி இழுத்தால் அது பெரும்பாலும் டிஸ்டெம்பர் நோய் விட்டுப்போன தழும்பு. இவை எல்லாமே தடுப்பூசியில் நின்றுபோகக் கூடியவை.

நரம்பா, வலியா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு சின்னச் சோதனை. நாயை நிற்கவைத்து, வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு, ஒரு பாதத்தை மடக்கி அதன் மேல்பக்கம் தரையில் படும்படி வையுங்கள். நல்ல நாய் உடனே பாதத்தைத் திருப்பிச் சரியாக வைத்துக்கொள்ளும். மடக்கியபடியே விட்டுவிட்டால் முதுகுத்தண்டையோ நரம்பையோ டாக்டர் பார்க்க வேண்டும்.

பாதி மாத்திரையின் விலை

டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாய் வாந்தியில் காபித்தூள்போல வந்தால், மலம் தார்போலக் கறுத்தால், உள்ளே ரத்தம் கசிகிறது. மாட்டுக்குப் போட்ட இந்த டைக்ளோபினாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்து இனத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. அதனால்தான் 2006-ல் இந்தியாவில் கால்நடைகளுக்கு இதைத் தடை செய்தார்கள். 2023-ல் கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் இரண்டும் அந்தத் தடைப் பட்டியலில் சேர்ந்தன. நாய்களுக்கென்றே பாதுகாப்பான வலி மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கும் எடைக் கணக்கு உண்டு. தவிர, வலி குறைந்த நாய் உடைந்த காலோடு ஓடும். மருந்து கொடுத்தால் ஓய்வும் கொடுக்க வேண்டும். ஓய்வு என்றால் கட்டிப்போட்டு, ஒன்றுக்கு இரண்டுக்கு மட்டும் கயிற்றில் அழைத்துப் போவது. திண்ணையிலிருந்து குதிக்கவிட்டுவிட்டு 'வீட்டுலதான் இருக்கு' என்பது ஓய்வு அல்ல.

வண்டியில் அடிபட்ட நாயைத் தூக்கும்போது முதலில் துண்டைக் கிழித்து வாயைக் கட்டுங்கள் (மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ வேண்டாம்). வலியில் வளர்த்தவனையும் கடிக்கும். பலகையிலோ கெட்டியான சாக்கிலோ நகர்த்தி வைத்துத் தூக்குங்கள். முழங்கை, முழங்காலுக்குக் கீழே உடைந்திருந்தால் பஞ்சு சுற்றி, அதன்மேல் மடித்த செய்தித்தாளை வைத்துத் தளர்வாகக் கட்டலாம். அதற்கு மேலே உடைந்திருந்தால் கட்டவே வேண்டாம். கட்டின் பாரம் உடைந்த இடத்தை இன்னும் அசைக்கும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி வாரக்கணக்கில் விட்டதில் ரத்தம் ஓடாமல் பாதம் அழுகிய நாய்கள் நிறைய. கட்டுக்குக் கீழே விரல் வீங்கினாலோ, சில்லிட்டாலோ, நாற்றம் வந்தாலோ அன்றே அவிழ்க்க வேண்டும்.

பரவைக்காரர்களுக்கு தல்லாகுளத்தில் இருக்கும் அரசு கால்நடை மருத்துவமனை பக்கம்தான். பெரிய எலும்பு ஆபரேஷன் என்றால் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி, அல்லது 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரி கல்லூரி. போகும்போது அந்த செல்போன் படத்தை மறக்காமல் கொண்டுபோங்கள். வீட்டில் நொண்டும் நாய் ஆஸ்பத்திரி வாசலில் பயத்தில் நேராக நடக்கும், பல டாக்டர்கள் பார்த்துச் சிரித்த கதை இது. என்று தொடங்கியது, திடீரென்றா மெல்லவா, காலையில் அதிகமா ஓடியபின் அதிகமா, என்ன தின்கிறது, கடைசித் தடுப்பூசி எப்போது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனால் பாதி வேலை முடிந்தது.

கிடைக்காரர்கள் அடிக்கடி கேட்பது ஒன்று: காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், அந்த நாயால் பிறகு பிரயோஜனம் உண்டா? முன்பு சொன்ன 60க்கு 40 கணக்கு இங்கேதான் வருகிறது. பின்னங்கால் போனால் 20 கிலோ நாய் இழப்பது 4 கிலோவைத் தாங்கும் கால். முன்னங்கால் போனால் 6 கிலோவைத் தாங்கும் கால். அதனால் பின்னங்கால் இழந்த நாய் சீக்கிரம் பழகிக்கொள்ளும், முன்னங்கால் இழந்தது கொஞ்சம் தத்தளிக்கும். இரண்டுமே பெரும்பாலும் சில வாரங்களில் மூன்று காலில் ஓடப் பழகிவிடும். மீதி இருக்கும் மூன்று கால்களும் நல்ல நிலையில் இருக்க வேண்டும், உடம்பு கனக்கக் கூடாது. நரியை விரட்டிக்கொண்டு ரெண்டு மைல் ஓட அதனால் ஆகாது. ஆனால், கிடைக்குள் ஆள் காலடி கேட்டால் குரைக்க அதற்கு நாலு கால் தேவையில்லை.